கம்பியில்லா இணைப்பு அறுதல்: காரணங்காணும் முறை

ஒரு பொறி பழுதுபட்டால் அதனைத் திருத்துவது ஒரு தொழில். பழுது எவ்விடத்ததெனக் காண்பது பிறிதொரு தொழில். இவ்விரண்டனுள் பின்னதே அரியது. திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகத்திலும் உழைப்பவர் இதனை நன்கறிவர். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் திடீரென நின்றுவிட்டால், தேர்ந்த ஃபிட்டர் உடனே அதனைக் கழற்றத் தொடங்குவதில்லை. மின்சாரம் வந்து சேர்கின்றதா, பியூஸ் நன்றாயுள்ளதா, பேரிங் சூடேறியுள்ளதா என ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே சென்று, எஞ்சி நிற்பதையே காரணமெனக் கொள்வர். அம்முறையை நம் இல்லங்களிலுள்ள ஒரு சிறு பெட்டிக்குப் பொருத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்பெட்டியாவது வைஃபை ரௌட்டர். காலையில் ஒருவர் மட்டும் உபயோகிக்குங்கால் அது குறையின்றி உழைக்கின்றது. மாலையில் வீட்டார் அனைவருங் கூடி, ஒருவர் பாடங்கேட்க, ஒருவர் திரைப்படங்காண, மற்றொருவர் வெளியூரிலுள்ள உறவினரோடு முகம் பார்த்துப் பேசத் தொடங்கிய அளவில், இணைப்பு அறுந்து அறுந்து வருகின்றது. இது பல வீடுகளிற் கேட்கப்படுங் குறை. இதற்கு மக்கள் செய்யும் பரிகாரம் மூன்று. பெட்டியை அணைத்து மீண்டும் ஏற்றுவர். சேவை தரும் நிறுவனத்தாரை வைவர். இரண்டும் பயன்படாவிடின் புதுப்பெட்டி வாங்குவர். மாதச் சம்பளத்தில் வாழுங் குடும்பத்தார் இரண்டாயிரம் ரூபாய் செலவிட்டுப் புதுப்பெட்டி வாங்கிய பின்னும் பழைய குறை அவ்வாறே நிற்குமாயின், அது பணத்தோடு நம்பிக்கையையும் இழந்ததாகும்.

2020 மார்ச்சில் கல்விக்கூடங்கள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசி வழியாக நடந்த காலந்தொட்டு, இப்பெட்டி வீட்டு அலங்காரப் பொருளன்று என்பது யாவர்க்கும் விளங்கிற்று. விண்ணப்பம் அனுப்புதல், நேர்முகத் தேர்வுக்கு அமர்தல், வங்கிக் காரியம் பார்த்தல் ஆகிய பலவும் இதன் வழியே நடைபெறுகின்றன. நேர்முகத் தேர்வின் நடுவே இணைப்பு அறுந்த மாணவர்க்கு அவ்வாய்ப்பு மீண்டும் வருமென்பது நிச்சயமில்லை. ஆதலின் இதனைச் சிறு விஷயமென்று தள்ளலாகாது.

1. நான்கு கண்ணிகள்

நம் கைப்பேசியிலிருந்து புறப்படுஞ் செய்தி நான்கு கண்ணிகளையுடைய ஒரு சங்கிலி வழியாகச் செல்கின்றது. முதற்கண்ணி, கைப்பேசிக்கும் பெட்டிக்கும் இடைப்பட்ட வெளி. இரண்டாவது, பெட்டி. மூன்றாவது, பெட்டியிலிருந்து தெருக்கம்பம் வழியாகச் செல்லுங் கம்பி அல்லது கண்ணாடியிழை. நான்காவது, சேவை நிறுவனத்தாரின் நிலையமும் அதற்கப்பாற்பட்ட உலகமும். இந்நான்கனுள் எது தளர்ந்தாலும் கைப்பேசியின் திரையிற் காண்பது பெரும்பாலும் ஒன்றே. அஃதாவது, இணைப்பு இல்லை என்னும் வாசகம். நோய் பலவாயினும் அறிகுறி ஒன்றாயிருத்தலே ஈண்டு மயக்கத்திற்குக் காரணம்.

மேலும், ‘உபயோகம் மிகுந்தால் அறுகின்றது’ என்று கூறுங்கால், எவருடைய உபயோகம் என்று நாம் வினவுவதில்லை. மாலை எட்டு மணிக்கு நம் வீட்டார் உபயோகம் மிகுவது மெய்யே. தெருவார் அனைவருடைய உபயோகமும் அந்நேரத்திலேயே மிகுகின்றது. நம் வீட்டுச் சுமையால் வரும் நோய் வேறு. தெருச்சுமையால் வரும் நோய் வேறு. இவற்றைப் பிரித்தறிதலே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை.

2. வெளியில் நிகழும் நெருக்கம்

வைஃபையில் ஒரே அலைவரிசையைப் பகிர்வோர், பொதுவாக, ஒரு சமயத்தில் ஒருவரே பேசவியலும். இருவர் ஒருங்கே பேசினால் இருவர் சொல்லும் கெடும். இவ்வுண்மை 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் என்பார் தலைமையில் நடந்த அலோஹா என்னும் முயற்சியில் நன்கு புலப்பட்டது. தீவுகளிற் சிதறிக்கிடந்த நிலையங்களை ஒரே ரேடியோ அலைவரிசையால் மையக் கணிப்பொறியோடு அவர்கள் இணைத்தனர். எவர்க்குச் செய்தி உண்டோ அவர் உடனே அனுப்புக. மோதிக் கெட்டால் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்புக என்பதே விதி. கணக்கிட்டுப் பார்த்தபோது, இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கே பயன்படும் என்பது தெரிந்தது. அவ்வெல்லையைக் கடந்து சுமையேற்றினால், போய்ச்சேருஞ் செய்தி பெருகுவதற்கு மாறாகக் குறைந்தது. மோதலும் மறுமுயற்சியுமே வெளியை நிரப்பின.

1997இல் வெளியான வைஃபை விதிமுறை இதனைத் திருத்தி, ஒவ்வொரு கருவியும் முதலிற் செவிகொடுத்துக் கேட்டு, வெளி அமைதியாயிருந்தால் மட்டும் பேசவேண்டுமென்றும், விடை வாராவிடின் முன்னிலும் நீண்ட காலம் பொறுத்து முயலவேண்டுமென்றும் வகுத்தது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. பேசுவோர் பெருகப் பெருகப் பொறுத்திருக்குங் காலமும் பெருகும். குறித்த தடவை முயன்றுந் தோற்ற செய்தி கைவிடப்படும்.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் சிறு சக்தியுடைய கருவிகள் உரிமமின்றி உபயோகிக்க 2005இல் அனுமதி வழங்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் அனுமதி 2018இல் விரிவாக்கப்பட்டது. உரிமமின்மையால் எவருந் தடையின்றி உபயோகிக்கலாம். அதனாலேயே நெருக்கமும் உண்டாயிற்று. 2.4 பகுதியில் ஒன்றோடொன்று மோதாத வழிகள் 1, 6, 11 என்னும் மூன்றே. கும்மிடிப்பூண்டியில் வெளிமாநிலத் தொழிலாளர் பலர் சேர்ந்து வாழும் லைன் வீடுகளை எண்ணிப் பாருங்கள். அறைதோறும் ஒரு பெட்டி அல்லது ஒரு கைப்பேசி ஹாட்ஸ்பாட். யாவுஞ் சேர்ந்து அம்மூன்று வழிகளையே பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும். புளூடூத் கருவிகளும், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கசியும் அலையும் அப்பகுதியிலேயே வந்து கலக்கின்றன.

இன்னுமொரு நுட்பம் உண்டு. தொலைவிலிருந்தோ சுவர் பல கடந்தோ பேசுங் கருவி மெதுவாகவே பேசும். ஒரு மெகாபைட் செய்தியை விநாடிக்கு 300 மெகாபிட் வேகத்தில் அனுப்பும் கருவிக்கு விநாடியில் 30இல் ஒரு பங்கு நேரமும் வேண்டுவதாகாது. 6 மெகாபிட் வேகத்தில் அனுப்புங் கருவி அதே செய்திக்கு ஒன்றேகால் விநாடிக்கு மேலாக வெளியைப் பிடித்துக்கொள்ளும். ஐம்பது மடங்கு! ஆகவே மொட்டைமாடி அறையிலுள்ள ஒரு பழைய கைப்பேசி, பெட்டிக்கருகில் அமர்ந்திருப்பவரையும் காத்திருக்கச் செய்யும்.

3. பெட்டிக்குள் நிகழும் மூன்று குறைகள்

முதலாவது, மின்சாரமும் உஷ்ணமும். சுமை மிகுந்தால் பெட்டி மின்சாரத்தை மிகுதியாக இழுக்கும். அதற்கு மின்சாரந் தரும் அடாப்டர் பழையதாயின், அந்நேரத்தில் மின்னழுத்தந் தாழ்ந்து, பெட்டி தானே அணைந்து மீண்டும் உயிர்பெறும். வீட்டுக்குரிய பெட்டிகள் பலவற்றில் 0 முதல் 40 பாகை செல்சியஸ் வரையே உழைக்குமென்று குறிக்கப்பட்டிருக்கும். கத்திரி வெயிற் காலத்தில் திருவள்ளூர் வட்டாரத்தில் நிழலிலேயே 40 பாகையைக் கடக்கும் நாட்கள் உள. தகரக் கூரையின்கீழ் அலமாரி உச்சியில் எவ்வளவிருக்குமெனச் சொல்லவும் வேண்டுமோ? அடாப்டரினுள் இருக்கும் மின்தேக்கியின் ஆயுள், உஷ்ணம் 10 பாகை ஏறுந்தோறும் சுமார் பாதியாகக் குறையுமென்பது மின்பொறியாளர் கையாளும் பொதுக்கணக்கு.

இரண்டாவது, வரிசை நெருக்கம். பெட்டி வாங்கும் வேகம் பெரிது. வெளியே அனுப்பும் வழி சிறிது. இடையில் வந்து குவியுஞ் செய்திகளைப் பெட்டி தன் நினைவில் வரிசையாக நிறுத்திவைக்கும். அனுப்பும் வேகம் விநாடிக்கு 5 மெகாபிட் என்றும், வரிசையில் ஒரு மெகாபைட் நிற்கின்றதென்றுங் கொள்வோம். கடைசியில் வந்து சேர்ந்த செய்தி வெளியேற 1.6 விநாடி ஆகும். பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருத்தல் நன்றென்பது சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தாரின் வரையறை. இங்கோ அதனினும் பத்து மடங்கு தாமதம்! இணைப்பு உண்மையில் அறவில்லை. ஆயினும் பேசுவோர்க்கு அறுந்ததாகவே தோன்றும். படங்களைத் தானே மேலேற்றிச் சேமிக்குங் கைப்பேசி ஒன்றே இதற்குப் போதும்.

மூன்றாவது, பதிவேட்டு நிறைவு. வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தும் ஒரே பொது முகவரி வழியாக வெளியே செல்வதால், எச்செய்தி எவருடையது என்பதைப் பெட்டி ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கின்றது. சிறு பெட்டிகளில் அவ்வேட்டின் இடம் சில ஆயிரம் வரிகளே. நூற்றுக்கணக்கான இடங்களோடு ஒருங்கே தொடர்புகொள்ளும் டொரண்ட் போன்ற செயலிகள் அதனை விரைவில் நிரப்பிவிடும். முடிந்த தொடர்புகளின் வரிகளும் கெடு முடியும்வரை அழிவதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் டி.சி.பி. தொடர்புக்கு இயல்பாக வைக்கப்பட்ட கெடு 5 நாட்கள். பெட்டி செய்வோர் பலர் இதனைக் குறைத்து அமைப்பர். ஏடு நிறைந்தபின், முன்பே நடக்குந் தொடர்பு நடக்கும், புதியதற்கு இடமிராது.

4. சோதிக்கும் முறை

இனி, இக்காரணங்களை ஒன்றிலிருந்தொன்று பிரிப்பது எவ்வாறெனக் காண்பாம். வேண்டுவன ஒரு குறிப்பேடு, ஒரு கணிப்பொறி, ஒரு நெட்வொர்க் கேபிள் என்பனவே.

முதற் சோதனை, குறிப்பெழுதுதல். இணைப்பு அறும்போதெல்லாம் மணியையும், அப்போது எவரெவர் எதனை உபயோகித்தனர் என்பதையும், பெட்டியின் விளக்குகள் எவ்வாறிருந்தன என்பதையும் எழுதுக. பின் பெட்டியின் நிலைமைப் பக்கத்தைத் திறந்து, அது எவ்வளவு நேரமாக அணையாது ஓடுகின்றதெனக் காட்டும் ‘அப்டைம்’ என்னும் எண்ணைப் பார்க்க. அறுந்தது பத்து நிமிடத்திற்கு முன். எண்ணும் பத்து நிமிடமே காட்டுகின்றது என்றால், பெட்டி தானே அணைந்து எழுந்துள்ளது. அடாப்டரையும் உஷ்ணத்தையும் ஆராய்க. எண் பல நாட்களைக் காட்டினால் அவ்விரண்டும் பெரும்பாலும் விலகின.

இரண்டாஞ் சோதனை, கேபிள். கணிப்பொறியைக் கேபிளால் நேரே பெட்டியோடு இணைத்து, அதன் வைஃபையை அணைத்து, வழக்கமாக அறும் நேரத்தில் உபயோகிக்க. கைப்பேசிகளில் அறும்போது கேபிளில் அறாவிடின், குற்றம் வெளியிலுள்ளது. இரண்டிலும் ஒருங்கே அறுமாயின், வெளியைக் குறைகூறாது பெட்டிக்கும் அதற்கப்பாலும் செல்க.

மூன்றாஞ் சோதனை, மும்முனை வினா. பிங் என்னுங் கட்டளை ஒரு முகவரிக்குச் சிறு செய்தியனுப்பி, விடை வர எத்தனை மில்லிசெகண்டு ஆயிற்றெனக் கூறும். கேபிளால் இணைந்த கணிப்பொறியில் மூன்று சாளரங்களைத் திறந்து, ஒன்றில் பெட்டியையும் (பல வீடுகளில் அதன் முகவரி 192.168.1.1), ஒன்றில் நிறுவனத்தாரின் முதல் நிலையத்தையும், ஒன்றில் 8.8.8.8 போன்ற தொலை முகவரியையும் இடைவிடாது வினவுக. முதல் நிலையத்தின் முகவரியை டிரேஸ்ரூட் என்னுங் கட்டளை காட்டும். பெட்டி உடனே விடையளிக்க, முதல் நிலையத்தின் விடை நாம் எதையேனும் மேலேற்றும்போது மட்டும் நூற்றுக்கணக்கான மில்லிசெகண்டு தாமதித்தால், அது வரிசை நெருக்கம். நாம் யாதும் செய்யாதிருந்தும் தாமதித்தால், குறை நிறுவனத்தார் பக்கம். நடந்துகொண்டிருக்கும் மூன்று வினாக்கட்கும் விடை ஒழுங்காக வர, புதிய பக்கங்கள் மட்டும் திறவாவிடின், பதிவேட்டு நிறைவை ஐயுறுக. பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவை தளர்ந்தாலும் இவ்வாறே தோன்றும், ஆகவே டி.என்.எஸ். முகவரியை மாற்றிப் பார்த்த பின்னரே முடிவு செய்க.

நான்காஞ் சோதனை, காலமாற்றம். இது எளிது; ஆயினும் பலர் செய்வதில்லை. தெரு உறங்கும் விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் வேண்டுமென்றே ஒருங்கே உபயோகிக்க. அப்போதும் அறுமாயின் நோய் நம் வீட்டுச் சுமையினது. பின் மாலை எட்டு மணிக்கு ஒரே கருவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைக்க. அப்போதும் அறுமாயின் நோய் தெருச்சுமையினது. அது வெளி நெருக்கமா, நிறுவனத்தாரின் நெருக்கமா என்பதைக் கேபிள் சொல்லிவிடும். விடியற்காலையில் காற்றுக் குளிர்ந்திருக்குமாதலின், உஷ்ணக் குற்றம் அப்போது மறைந்திருக்கக் கூடும். அதனை நண்பகலிற் பெட்டியின்மேல் மின்விசிறியைத் திருப்பி வைத்துத் தனியே சோதிக்க.

5. தீர்வுகள்

காரணந் தெரிந்தபின் தீர்வு கடினமன்று. அடாப்டர் குற்றமாயின், பெட்டியின் அடியில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவுக்கு ஒத்ததும், ஆம்பியர் அளவிற் குறையாததும், முனை பொருந்துவதுமான வேறொன்றை மாட்டுக. அடாப்டரைத் திறந்து பழுதுபார்க்க முயலற்க; அணைத்த பின்னும் அதனுள் அபாயமான மின்னேற்றம் நிற்கும். உஷ்ணமாயின், பெட்டியை இரும்பு பீரோவின் உச்சியினின்றும் தொலைக்காட்சியின் பின்புறத்தினின்றும் எடுத்து, காற்றோட்டமுள்ள நடுவிடத்தில், மார்பளவு உயரத்தில் வைக்க. இரும்பு அலைகளைத் தடுக்குமாதலின், இவ்விடமாற்றம் வெளிக் குற்றத்திற்கும் மருந்தாகும்.

வெளி நெருக்கமாயின், அருகிலுள்ள கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு மாற்றுக. அப்பகுதியில் வழிகள் மிகுதி. சுவரைக் கடக்கும் ஆற்றல் குறைவாதலால் அயலார் குறுக்கீடுங் குறைவு. அதன் நடுவழிகள் சில ராடாருக்கும் உரியன. ராடார் அலை போன்றதொன்றை உணர்ந்த பெட்டி அவ்வழியை விட்டு விலகும். அதுவும் அறுதலாகத் தோன்றும். ஆதலின் 36 முதல் 48 வரையிலுள்ள வழிகளுள் ஒன்றை நிலையாக அமைத்துப் பார்க்க. 2.4 பகுதியில் வழியின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்து, 1, 6, 11 இவற்றுள் நெருக்கம் குறைந்ததைத் தெரிந்துகொள்க. நகராத தொலைக்காட்சி, மேசைக் கணிப்பொறி ஆகியவற்றைக் கேபிளாலேயே இணைத்துவிடின், வெளி மற்றவர்க்கு ஒழியும்.

வரிசை நெருக்கமாயின், பெட்டியின் அமைப்பில் எஸ்.க்யூ.எம். அல்லது பேண்ட்வித் கன்ட்ரோல் என்னும் பகுதி இருக்கின்றதா என்று பார்த்து, மேலேற்றும் வேகத்தை அளந்து கண்டதில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்காகக் கட்டுப்படுத்துக. வேகத்தைக் குறைத்தால் நன்மை எவ்வாறு வருமெனச் சிலர் வியப்பர். வரிசை நிறுவனத்தாரின் கருவியில் நில்லாது நம் பெட்டியில் நின்றாலன்றோ, அதனை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நமக்குக் கிட்டும்! 2012இல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் என்னும் இருவர் வெளியிட்ட கோடெல் என்னும் முறை, செய்தி வரிசையில் எவ்வளவு காலம் நிற்கின்றதென அளந்து, நெடிது நின்றால் சிலவற்றை நீக்கி அனுப்புவோரை மெதுவாக்குகின்றது. அம்முறையமைந்த பெட்டி கிடைப்பின் நன்று. கிடையாவிடின், படஞ் சேமிக்கும் பணியை இரவுக்கு ஒத்திவைத்தாலே பாதி குணம்.

பதிவேட்டு நிறைவாயின், காரணமான செயலியின் தொடர்பு எண்ணிக்கைக்கு அதனுள்ளேயே வரம்பிடுக; பெட்டியின் மென்பொருளையும் புதுப்பிக்க. கண்ணாடியிழைக் குற்றமாயின், ‘லாஸ்’ என்னும் விளக்குச் செந்நிறமாகும். நிலைமைப் பக்கத்தில் ஒளியளவு காட்டப்படுமாயின், அது பொதுவாக −8க்கும் −27 டி.பி.எம்.க்கும் இடையில் இருத்தல் வேண்டும். எல்லையையொட்டி நிற்பின் நிறுவனத்தாரிடம் அவ்வெண்ணைக் கூறி முறையிடுக. இழையை 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் வளைத்து ஆணியில் மாட்டலாகாது. கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகிற் கொண்டுபோகவும் ஆகாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாதாயினுங் கேடு செய்யவல்லது.

6. ஓர் உதாரணம்

கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு முறையிற் பணிபுரியுந் தந்தையும், கல்லூரி செல்லும் மகளும், பள்ளி செல்லும் மகனும் வாழுமொரு வீட்டைக் கற்பித்துக்கொள்வோம். இரவு எட்டு மணிக்கு மகளின் இணையவகுப்பு அறுகின்றது. அப்டைம் பன்னிரண்டு நாட்கள்; எனவே அடாப்டர் விலகிற்று. கேபிளில் இணைத்தபோது பெரும்பாலும் அறவில்லை; எனவே வெளி நெருக்கம். கைப்பேசிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினர். குறை நீங்கியதா? பெரும்பகுதி நீங்கிற்று, ஆயினும் தந்தை வீடு திரும்பிய அரைமணி நேரம் மட்டும் வகுப்பு தடைபட்டது. மும்முனை வினாவில் பெட்டி உடனே விடைதர, முதல் நிலையம் ஒரு விநாடிக்கு மேல் தாமதித்தது. அவர் கைப்பேசி அன்றைய படங்களை அந்நேரத்தில் மேலேற்றிக்கொண்டிருந்தது! அதனை நள்ளிரவுக்கு மாற்றியவுடன் வகுப்பு தடையின்றி நடந்தது.

இவ்வீட்டில் நோய் ஒன்றன்று, இரண்டு. முதன்மருந்து பாதியே பலித்ததென்று அதனைத் தள்ளியிருந்தாலோ, இரண்டையும் ஒரே நாளிற் செய்திருந்தாலோ, எதனால் குணமாயிற்றென்பது தெரிந்திராது. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுக, மாற்றியபின் ஒரு நாளேனும் பார்த்து எழுதுக என்னும் விதியின் பயன் இதுவே. செலவோ ஒரு கேபிளின் விலை மட்டும்.

எல்லாச் சோதனையும் முடிந்து, குற்றம் பழைய பெட்டியினதே என்று துணியப்பட்டால், புதியது வாங்குவதிற் பிழையில்லை. குறை நிறுவனத்தாரதே யாயின், தேதி, மணி, முதல் நிலையத்தின் தாமதம் இவற்றோடு எழுதிய ஒரு வாரக் குறிப்பை அவர்முன் வைக்க. ‘உங்கள் இணைப்புச் சரியில்லை’ என்பார்க்குப் பெட்டியை அணைத்துப் போடச் சொல்லுதல் வழக்கம். எண்களைக் காட்டுவார்க்கு அவ்விடை செல்லாது. விடுமுறையில் வீடு செல்லும் மாணவ நண்பர்கள், அண்டை வீட்டார் புதுப்பெட்டி வாங்கப் புறப்படுமுன், ஒரு கேபிளோடும் குறிப்பேட்டோடும் அவர்கட்கு ஒரு மாலையும் ஒரு விடியற்காலையும் உதவுவார்களாக.